பம்பர் வழி: புசா ரோட்டிலிருந்து மாயாபுரி வரை

பழைய காரைப் புதுப்பிக்கும் வேலையில் பம்பரைக் கடைசியாகத்தான் மாட்டுவார்கள். ஆனால் அதைப் பற்றிய முடிவை முதலிலேயே எடுத்தாக வேண்டும். வண்டியோடு பிறந்த பம்பரைக் கழற்றி மறுபடி குரோம் முலாம் பூசக் கொடுக்கலாம். அதை ஒதுக்கிவிட்டுப் புதிது வாங்கலாம். முலாம் என்றால் காத்திருக்க வேண்டும், கைவேலை ஏற ஏறச் செலவும் ஏறும். புதிது என்றால் பையில் பணம் இருந்தால் அன்றைக்கே கையில் பம்பர். அது வண்டியில் ஒழுங்காக உட்காருமா என்பது மாட்டிப் பார்க்கும்போதுதான் தெரியும். தில்லியில் இந்த வழிகள் வெவ்வேறு பேட்டைகளில் கிடக்கின்றன. உதிரிபாகக் கடைகள் புசா ரோட்டை ஒட்டிய கரோல்பாகிலும் காஷ்மீரி கேட்டிலும் இருக்கின்றன. முலாம் பட்டறைகள் ஆனந்த் பர்பத், வஜீர்பூர் பக்கம். உடைத்த வண்டிகளுக்கு மாயாபுரி. புசா ரோட்டிலிருந்து கிளம்பினால் எதுவும் பத்துக் கிலோமீட்டருக்கு அதிகமான தொலைவில் இல்லை.

புசா ரோடு நீளமான சாலை அல்ல. கிழக்கு முனையில் 108 அடி அனுமார் சிலை. மேற்கே ராஜேந்திரா பிளேஸைத் தாண்டினால் படேல் ரோடு. தலைக்கு மேலே மெட்ரோவின் நீலத் தடம். பாரகம்பாவிலிருந்து துவாரகை வரையிலான அந்தப் பகுதி 2005 டிசம்பர் 31 அன்று திறக்கப்பட்டது. சாலைக்குத் தெற்கே பழைய ராஜேந்தர் நகர். ஆட்சிப் பணித் தேர்வுக்குப் படிக்க வரும் தமிழ்ப் பிள்ளைகள் அங்கே ஏராளம். வடக்கே கரோல்பாக், ஒரு காலத்தில் மத்திய அரசு அலுவலகங்களில் வேலை பார்த்த தமிழ்க் குடும்பங்களின் பேட்டை. தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளிகளில் ஒன்று இன்றும் புசா ரோட்டில் நடக்கிறது. சாலையின் பெயர் பீகாரிலிருந்து வந்தது: அங்கே புசா என்ற ஊரில் 1905-ல் தொடங்கிய வேளாண் ஆராய்ச்சி நிறுவனம், 1934 நிலநடுக்கத்தில் கட்டடம் சிதைந்ததும் 1936-ல் தில்லிக்கு இடம்பெயர்ந்தது.

கரோல்பாக் மெட்ரோ நிலையத்தில் இறங்கி வடக்கே நடந்தால் நாயிவாலா வட்டாரம் வந்துவிடும். இரு சக்கர வண்டிச் சாமான்களுக்கு வட இந்தியா முழுக்கப் பெயர் போன இடம். லடாக் போகிறவர்கள் பலர் புல்லட்டை வாடகைக்கு எடுப்பதும், பழுது பார்ப்பதும் இங்கேதான். 1955 முதல் சென்னையில் தயாராகும் அந்த வண்டியின் மட்கார்டும் சைலன்சரும் ஹெட்லைட் வளையமும் தில்லிச் சந்தில் குரோம் மின்ன மின்னத் தொங்குவதைப் பார்க்கத் திருவொற்றியூர்க்காரருக்குச் சற்றுப் பெருமையாகவே இருக்கும். புல்லட் இன்னும் உற்பத்தியில் உள்ள வண்டி. அதனால் மட்கார்டு துருப்பிடித்தால் அதை உரித்து முலாம் பூசிக்கொண்டிருக்க யாருக்கும் பொறுமையில்லை. புதிது மலிவு, உடனே கிடைக்கும். சந்தையின் இந்தப் பழக்கத்தைக் காருக்கும் நீட்டும்போதுதான் தவறு நேர்கிறது. தொழிற்சாலை மூடிப்போன வண்டிக்கு ‘புதிது’ என்று விற்கப்படுவது தொழிற்சாலைச் சரக்கு அல்ல. அசலைப் பார்த்து வேறொருவர் அடித்த நகல் அது.

தில்லியில் புதுப்பிக்க வரும் கார்களின் வயதைப் பார்த்தால் இது விளங்கும். உத்தரபாராவில் 1950-களின் கடைசியில் தொடங்கிய அம்பாசடர் 2014 மே மாதத்தோடு நின்றது. பம்பாய் குர்லாவில் 1954-ல் ஃபியட் 1100 ஆகத் தொடங்கி, 1974-ல் பத்மினி என்று பெயர் மாறிய வண்டியும் புத்தாயிரத்தின் தொடக்கத்தில் முடிந்துபோனது. அதே குர்லாவில் 1940-களின் இறுதியிலிருந்து பூட்டப்பட்ட டாட்ஜ், பிளைமவுத், டிசோட்டோ கார்கள் இன்னும் பழையவை. அவற்றுக்கும் முன்னே நிற்பவை சமஸ்தானங்களின் வண்டிகள். ‘தி ஸ்டேட்ஸ்மன்’ நாளிதழ் 1964-ல் தில்லியில் தொடங்கிய பழைய கார் ஊர்வலத்தில் இவை எல்லாமே வரிசை கட்டும். அங்கே நடுவர்கள் பார்ப்பது, வண்டி எவ்வளவு தூரம் அசலாக இருக்கிறது என்பதை.

சட்டமும் இந்த வயதுக் கணக்குக்குள் வருகிறது. பத்து வயது கடந்த டீசல் வண்டியும் பதினைந்து வயது கடந்த பெட்ரோல் வண்டியும் தலைநகர் வட்டாரத்தில் ஓடக்கூடாது என்ற பசுமைத் தீர்ப்பாய உத்தரவை 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. அதைப் பற்றிய வழக்கு 2025-லும் ஓயவில்லை. மறுபக்கம், முதல் பதிவிலிருந்து ஐம்பது ஆண்டு கடந்த வண்டியை ‘விண்டேஜ்’ என்று தனியாகப் பதிந்துகொள்ள 2021 ஜூலையில் மத்திய அரசு விதி கொண்டுவந்தது. எண் பலகையில் மாநில எழுத்துகளுக்குப் பின் ‘விஏ’ என்று வரும், புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய், பத்தாண்டுக்குச் செல்லும், கண்காட்சிக்கும் ஊர்வலத்துக்கும் பராமரிப்புக்கும் எரிபொருள் போடவும் மட்டும் ஓட்டலாம். வண்டி அசல் வடிவில் இருக்க வேண்டும், சேசிஸிலும் பாடியிலும் இன்ஜினிலும் பெரிய மாற்றம் கூடாது என்பது நிபந்தனை. பம்பரை விதி தனியாகச் சொல்லவில்லை. ஆகவே நகல் பம்பர் போட்டால் பதிவு போய்விடும் என்று பயப்பட வேண்டியதில்லை. ஊர்வலத்தில் மதிப்பெண் குறையலாம், அவ்வளவுதான். 1970-ஆம் ஆண்டு அம்பாசடருக்கு இந்தக் கதவு திறந்திருக்கிறது. 1985-ஆம் ஆண்டு பத்மினிக்கு இன்னும் திறக்கவில்லை.

கரோல்பாகிலிருந்து வடமேற்கே ஆனந்த் பர்பத். பெயரில் மலை இருப்பதற்கேற்ப மேடான நிலம். சிறு பட்டறைகள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும் தொழிற்பேட்டை. பம்பரைத் தூக்கிக்கொண்டு இங்கே வரும் முன் வீட்டிலேயே செய்ய வேண்டிய சோதனைகள் சில உண்டு. முதலில் காந்தம். ஒட்டினால் எஃகு. ஒட்டாவிட்டால் அது துத்தநாகக் கலவையில் வார்த்த ‘மசாக்’ ஆகவோ அலுமினியமாகவோ இருக்கலாம். பானெட் சின்னம், கதவுக் கைப்பிடி, பின்விளக்குக் கூடு எல்லாம் பெரும்பாலும் மசாக்தான். மசாக்கில் துரு வெளியிலிருந்து உள்ளே போவதில்லை. முலாமுக்கு அடியில் உலோகமே கொப்பளித்துப் புள்ளி புள்ளியாக எழும். எஃகு பம்பரை மீட்பதைவிட அதை மீட்பது கடினம். அடுத்துப் பம்பரின் முதுகு. முன்பக்கம் எவ்வளவு மின்னினாலும் முதுகில் முலாம் மெல்லியதாகவே இருக்கும். சக்கரம் வாரியிறைத்த சேறு அங்கேதான் காயும். ஊசியால் குத்திப் பார்த்து ஊசி இறங்கினால் நிலைமை மோசம். சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் உப்புக் காற்றில் நின்ற வண்டியின் பம்பர், வறண்ட தில்லியில் அதே வயதுக்கு நின்ற வண்டியின் பம்பரைவிட முதுகில் பல மடங்கு தின்னப்பட்டிருக்கும். தெற்கிலிருந்து வாங்கிய வண்டிக்குத் தில்லிப் பட்டறையில் கேட்கும் விலை சிலரைத் திடுக்கிட வைப்பதன் காரணம் இதுதான்.

சோதனையில் சில பம்பர்களுக்கு எந்த வைத்தியமும் தேவையில்லை என்றும் தெரியவரும். பழுப்புப் புள்ளிகள் மேலாக மட்டும் இருந்தால், அலுமினியத் தாளைக் கசக்கித் தண்ணீரில் நனைத்துத் தேய்த்தாலே போய்விடும். அலுமினியம் குரோமைவிட மென்மையானது, அதனால் கீறாது. பிறகு மெழுகு பூசிவிட்டால் போதும். பழைய வண்டிகளின் உலகச் சம்மேளனமான ஃபீவா, புதுப்பிப்பதைவிட இருப்பதைக் காப்பதையே உயர்வாக மதிக்கிறது. நம் ஊரில் அந்த மனம் இன்னும் வரவில்லை. பழைய வண்டி என்றால் கல்யாண மாப்பிள்ளை மாதிரி பளபளக்க வேண்டும் என்ற எண்ணமே மேலோங்கி நிற்கிறது.

முலாம் பூசுவது என்று முடிவானால் பட்டறையில் கேட்க வேண்டிய முதல் கேள்வி விலை அல்ல, தொட்டியின் நீளம். அம்பாசடரின் அகலம் 1,662 மில்லிமீட்டர். அதன் பம்பர் முழுதாக முங்க அதைவிட நீளமான தொட்டி வேண்டும். 1950-களின் பெரிய அமெரிக்கக் கார்கள் இரண்டு மீட்டர் அகலத்தைத் தொடும். புல்லட் சாமான்களை நம்பி நடக்கும் பட்டறையில் தொட்டி சிறிதாக இருந்தால் பம்பரைப் பாதி பாதியாகத் திருப்பி முக்குவார்கள். நடுவில் ஒரு கோடு விழும், அங்கேதான் முதலில் உரியும். நீளம் போதாத இடத்தில் எவ்வளவு நல்ல கைக்காரர் இருந்தாலும் கொடுக்கக் கூடாது.

வேலை உரிப்பதில் தொடங்குகிறது. குரோமை ஹைட்ரோகுளோரிக் அமிலம் கரைத்துவிடும். அதன் கீழே உள்ள நிக்கல் அவ்வளவு எளிதில் இறங்காது; கந்தக அமிலத்தில் வைத்து மின்னோட்டத்தைத் திருப்பி ஓட்டினால்தான் விடும். உரித்த பிறகே பம்பரின் உண்மை நிலை தெரிகிறது. நிக்கல் பாலம் போட்டு மறைத்திருந்த ஓட்டைகள் வாய் திறக்கும். எனவே உரிப்பதற்கு முன் சொல்லும் விலை ஊகம். விவரம் தெரிந்தவர்கள் உரிக்கும் கூலியைத் தனியாகக் கொடுத்து, வெற்று எஃகைப் பார்த்த பின்பே மீதியைப் பேசுவார்கள். இந்தக் கட்டத்தில் பம்பரைத் திரும்ப வாங்கிப் போகவும் தயங்கக் கூடாது.

அடுத்து ஒடுக்கு எடுப்பது. சுத்தியும், பின்னால் முட்டுக் கொடுக்கும் டாலியும் கொண்டு தட்டி நேராக்க வேண்டும். பள்ளத்தில் பட்டி வைத்து மறைக்கும் டிங்கரிங் தந்திரம் இங்கே செல்லாது. பட்டியில் மின்சாரம் பாயாது. பாயாத இடத்தில் உலோகம் படியாது. ஓட்டையை வெல்டிங்கால் அடைக்கலாம், அல்லது பித்தளை ஒட்டு வைத்துத் தேய்க்கலாம். நேராக்கியதும், தேய்ப்பதற்கு முன், பம்பரை ஒருமுறை வண்டியில் மாட்டிப் பார்ப்பது மிக முக்கியம். பலர் இதை விட்டுவிடுகிறார்கள். முலாம் முடிந்த பின் வளைவு சரியில்லை என்று தட்டினால் நிக்கல் வெடித்துவிடும், மொத்தமும் முதலிலிருந்து.

தேய்ப்பதில்தான் காசும் நேரமும் போகின்றன. துணிச் சக்கரத்தின் விளிம்பில் வச்சிரப் பசை தடவி எமெரிப் பொடியை ஒட்டிக் காயவைத்து, சொரசொரப்பில் தொடங்கி மென்மை வரை படிப்படியாக ஓட்டுவார்கள். முலாம் எதையும் மறைக்காது. அடியில் உள்ள கீறலைப் பெரிதாக்கித்தான் காட்டும். ஆனால் அவசரக்காரர் அழுத்தித் தேய்த்தால் வேறொரு நஷ்டம் உண்டு. பம்பரின் மேல்முதுகில் ஓடும் கூர்மையான வரி, பம்பரில் நிமிர்ந்து நிற்கும் கொம்புகளின் விளிம்பு, போல்ட் துளைகளின் வட்டம் எல்லாம் மழுங்கிப்போகும். பளபளப்பைப் பார்த்து ஏமாறுகிறவருக்கு இது தெரியாது. மழுங்கிய விளிம்பைத் திரும்பக் கொண்டுவர வழியில்லை என்பதால், நல்ல பட்டறையை அடையாளம் காண மின்னலைப் பார்ப்பதைவிட விளிம்புகளைப் பார்ப்பதே சரி.

பிறகு தொட்டிகள். எஃகை நேராக அமிலச் செம்புத் தொட்டியில் போட்டால், மின்சாரம் பாய்வதற்கு முன்பே செம்பு தானாகத் தூள்போல் படிந்துவிடும்; அது ஒட்டாது. அதனால் முதலில் சயனைடு செம்புக் கரைசலில் மெல்லிய பூச்சு. அதன் மேல்தான் அமிலச் செம்பு, கனமாக. இந்தச் செம்பு மென்மையானது. சிறு குழிகளை நிரப்பும், பஃபிங் செய்தால் கண்ணாடிபோல் வரும். நல்ல பட்டறை இந்த இடத்தில் பம்பரை வெளியே எடுத்து மறுபடி பஃப் செய்யும். குழி இன்னும் தெரிந்தால் மறுபடி செம்பு. செலவைக் குறைக்க நினைக்கிற பட்டறை செம்பையே தாண்டிவிட்டு நேராக நிக்கலுக்குப் போய்விடும்.

வெளியில் நிற்கும் பம்பரைக் காப்பது நிக்கல். அது 20 முதல் 30 மைக்ரான் வரை இருக்க வேண்டும். மனித முடியின் தடிமனில் பாதிகூட இல்லை. அதிலும் இரண்டு அடுக்கு வைப்பது உத்தமம்: கீழே கந்தகம் கலவாத அரைப்பளபளப்பு நிக்கல், மேலே பளபளப்பு நிக்கல். அரிப்பு வரும்போது மேலடுக்கு தன்னைப் பலிகொடுத்துப் பக்கவாட்டில் பரவவிடும். நேராக எஃகுக்கு இறங்கவிடாது. இந்த அடுக்குகளுக்கான தடிமன்களை இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 1068 வகுத்திருக்கிறது. அந்த எண்ணைச் சொல்லிக் கேட்டால் பட்டறைக்காரர் வாடிக்கையாளரை வேறு கண்ணோடு பார்ப்பார்.

கடைசியில்தான் குரோம், அதுவும் சில நிமிடங்கள் மட்டும். லிட்டருக்கு ஏறத்தாழ 250 கிராம் குரோமிக் அமிலமும் அதில் நூற்றில் ஒரு பங்கு கந்தக அமிலமும் கொண்ட சிவந்த கரைசல், 40 பாகைக்கு மேல் சூடு, நேர்மின்முனையாக ஈயத் தகடுகள். படியும் கனம் அரை மைக்ரானைத் தாண்டாது. கண்ணுக்குத் தெரியும் பளபளப்பு உண்மையில் அடியிலுள்ள நிக்கலுடையது. குரோம் அதற்கு நீலச் சாயல் கொடுத்து, மங்காமல் காக்கிறது. இந்தத் தொட்டி பாய்ச்சும் மின்சாரத்தில் ஐந்தில் ஒரு பங்குகூட உலோகத்தைப் படியவைக்கப் போவதில்லை; மிச்சம் ஹைட்ரஜன் குமிழியாக வெளியேறும். குரோம் குழிவுகளுக்குள் எளிதில் போகவும் போகாது. பம்பரின் வளைந்த முனைகளுக்கு உட்புறம் மஞ்சளாகத் தெரிந்தால் அங்கே குரோம் எட்டவில்லை, வெறும் நிக்கல் நிற்கிறது என்று பொருள்.

1930-களின் அமெரிக்க வண்டிகளுக்கு ஓர் எச்சரிக்கை. அக்காலப் பம்பர் பட்டைகள் வில் எஃகால் ஆனவை. அமிலமும் முலாமும் ஹைட்ரஜனை அதற்குள் புகுத்திவிடும். எஃகு நொறுங்கும் தன்மை பெறும். முலாம் முடிந்த கையோடு 200 பாகை அளவில் சில மணி நேரம் சுட்டெடுத்தால் அந்த வாயு வெளியேறும். இதைக் கேட்டுப் புரிந்துகொள்ளும் பட்டறையிடம் மட்டுமே அத்தகைய பம்பரைக் கொடுக்கலாம்.

அதைவிடப் பழைய வண்டி என்றால் குரோமே கூடாது. வாணிக அளவில் குரோம் முலாம் 1920-களின் நடுவில், நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் காலின் ஃபிங்க் செய்த ஆராய்ச்சிக்குப் பிறகுதான் வந்தது. கார்களில் பரவியது அந்தப் பத்தாண்டின் கடைசியில். அதற்கு முந்தைய ரோல்ஸ்ராய்ஸோ ஃபோர்டு மாடல் டியோ மின்னியது நிக்கலிலும் பித்தளையிலும்தான். நிக்கலின் நிறம் இளமஞ்சள் கலந்தது, பார்வைக்குச் சூடானது. சமஸ்தானத்து 1924-ஆம் ஆண்டு வண்டிக்கு நீல மின்னலோடு குரோம் பூசி ஊர்வலத்தில் நிறுத்தினால், கூட்டம் கைதட்டும், நடுவர் முகம் சுளிப்பார்.

முலாம் வேலை பல இடங்களில் ஒளிந்து மறைந்து நடப்பதற்கும் காரணம் உண்டு. +6 ஆக்சிஜனேற்ற நிலையில் உள்ள குரோமியம் புற்றுநோய் தருவது என்று உறுதிப்பட்டது. தொட்டியிலிருந்து எழும் மூடுபனி பல ஆண்டு சுவாசித்தவரின் மூக்கு நடுத்தண்டைத் துளைத்துவிடும். சயனைடுத் தொட்டியில் தவறி அமிலம் விழுந்தால் எழும் வாயு அங்கேயே கொல்லும். எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1996-ல் உச்ச நீதிமன்றம் அபாயகரமான 168 ஆலைகளைத் தில்லியைவிட்டு வெளியேறச் சொன்னது முதல், குடியிருப்புக்குள் நடக்கும் முலாம் பட்டறைகளின் மீதும் பிடி இறுகிக்கொண்டே வந்திருக்கிறது. மாசுக் கட்டுப்பாட்டு வாரியங்களின் பட்டியலில் முலாம் தொழில் சிவப்பு வகை. வஜீர்பூர், மாயாபுரி போன்ற பேட்டைகளில் பொதுக் கழிவுநீர் நிலையங்கள் உண்டு. தமிழ் வாசகருக்கு இந்த நஞ்சின் முகவரி ராணிப்பேட்டை. அங்கே 1990-களின் நடுவில் மூடிய குரோமேட் ஆலை விட்டுச்சென்ற ஒன்றரை லட்சம் டன்னுக்கு மேற்பட்ட கழிவு, நிலத்தடி நீரை இன்றும் மஞ்சளாக்குகிறது. மலிவாக முலாம் பூசித் தருகிற பட்டறை அந்தத் தண்ணீரை எங்கே விடுகிறது என்று கேட்பதும் வாடிக்கையாளரின் வேலைதான். பதில் வராவிட்டால் அடுத்த பட்டறைக்குப் போகலாம்.

புதிது வாங்குகிறவர் போக வேண்டிய இடம் காஷ்மீரி கேட். கரோல்பாகிலிருந்து மெட்ரோவில் ராஜீவ் சௌக், அங்கே மாறி மஞ்சள் தடம். 1857-ல் பீரங்கி துளைத்த கோட்டை வாயிலுக்கு அருகே இன்று பிஸ்டனும் பேரிங்கும் விற்கும் சந்துகள். நாட்டின் மிகப் பெரிய மோட்டார் சாமான் சந்தைகளில் இது ஒன்று. அம்பாசடருக்கும் பத்மினிக்கும் இங்கே சரக்கு இன்னும் வற்றவில்லை.

கடைக்காரர் எடுத்துக் காட்டும் பம்பர் மூன்று குலத்தில் ஒன்றாக இருக்கும். தொழிற்சாலை ஓடிக்கொண்டிருந்த காலத்தில் வாங்கி அடுக்கிய, இன்னும் பிரிக்காத அசல் சரக்கு முதல் குலம். எண்ணெய்த் தாளில் சுற்றி, ஓரங்களில் லேசான துருவோடு வரும். கிடைத்தால் யோசிக்காமல் வாங்கலாம். ஆனால் கிடைப்பது அரிது. தவிர, கடைசி ஆண்டுகளின் வகையே அதிகம் மிஞ்சியிருக்கும். எந்த மார்க், எந்த ஆண்டு என்று சொல்லாமல் ‘அம்பாசடர் பம்பர்’ என்று மட்டும் கேட்டால் வண்டிக்கு இருபது ஆண்டு இளைய பம்பர் வந்து சேரலாம். இரண்டாவது, உற்பத்திக் காலத்திலேயே அனுமதியோடோ இல்லாமலோ சிறு ஆலைகள் அடித்த நகல். மூன்றாவது, அண்மையில் அடித்தது. கடைசி இரண்டில் தகடு மெல்லியதாக இருப்பது வழக்கம்; கையில் தூக்கிப் பார்த்தாலே எடை சொல்லிவிடும். முலாமில் செம்பு இருக்காது, நிக்கல் பெயருக்கு. முதல் மழைக்காலம் தாண்டும். இரண்டாவதைத் தாண்டுவது அதிர்ஷ்டம். அதைவிடப் பெரிய தொல்லை துளைகள். பிராக்கெட் துளையும் பம்பர் துளையும் அரை விரல் விலகியிருந்தால் மெக்கானிக் துளையை நீள்வட்டமாக அராவி எப்படியோ பூட்டிவிடுவார். அராவிய விளிம்பில் முலாம் இல்லை, துரு அங்கேயே பிறக்கும்.

ஆகவே பழைய பம்பரோடுதான் கடைக்குப் போக வேண்டும். தூக்கிப் போக முடியாவிட்டால், அதன் வளைவை அட்டையில் வரைந்து வெட்டி, துளைகளின் நடுப்புள்ளிகளைக் குறித்து எடுத்துப் போகலாம். அட்டையைப் பம்பரின் மேல் வைத்துப் பார்க்க ஒரு நிமிடம் போதும்.

அயல்நாட்டு வண்டிக்காரர்களின் நிலை வேறு. ஃபோக்ஸ்வாகன் பீட்டில், எம்.ஜி.பி., அறுபதுகளின் மஸ்டாங் போன்றவற்றுக்கு உலகம் முழுக்க ரசிகர்கள் இருப்பதால் நகல் பம்பர்களும் தாராளம். வியட்நாமில் பல ஆலைகள் ஐரோப்பியப் பழைய கார்களுக்கு எவர்சில்வர் பம்பரை அடித்து ஏற்றுமதி செய்கின்றன. முலாமே இல்லாததால் உரிவதற்கு எதுவுமில்லை, கடலோர ஊருக்கு நல்ல தேர்வு. ஆனால் எவர்சில்வரின் பளபளப்பு குரோமின் நீலம் அல்ல. குரோம் கிரில்லுக்குப் பக்கத்தில் வைத்தால் வேறுபாடு தெரியும். மேற்கில் இந்தச் சந்தை வளர்வதற்கு முலாம் தொழிலின் நெருக்கடியும் ஒரு காரணம். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2017 செப்டம்பருக்குப் பின் குரோம் டிரைஆக்சைடு பயன்படுத்தத் தனி அனுமதி வேண்டும். அலங்கார வேலைக்கு ஆறுநிலைக் குரோமியத்தை 2027 ஜனவரியிலிருந்து நிறுத்தக் கலிஃபோர்னியா 2023-ல் முடிவெடுத்தது. மாற்றாக வரும் மூன்றுநிலைக் குரோமியம் நஞ்சு குறைந்தது, நிறம் ஒரு சாயல் கருத்தது. அங்கிருந்து வரவழைத்த பம்பரையும் ஆனந்த் பர்பத்தில் முலாம் பூசிய கிரில்லையும் ஒரே வண்டியில் மாட்டினால் ஒன்றுக்கொன்று ஒட்டாது.

முலாமா புதிதா என்று இரண்டே வழி இருப்பதாகப் பேசுகிறவர்கள் மாயாபுரிக்குப் போனதில்லை. ராஜேந்திரா பிளேஸில் நீலத் தடம் ஏறி, ரஜௌரி கார்டனில் இளஞ்சிவப்புத் தடத்துக்கு மாறினால் அடுத்த நிலையம். சென்னைப் புதுப்பேட்டையை எத்தனையோ மடங்கு பெருக்கினால் வரும் பழைய இரும்புக் கடல். 2010 ஏப்ரலில் ஒரு பல்கலைக்கழக ஆய்வகம் ஏலத்தில் விற்ற கருவியிலிருந்த கோபால்ட்-60 இங்கே உடைபட்டு, ஒரு தொழிலாளி இறந்தார். சந்தையின் பெயர் உலகச் செய்தியானது அப்போது. உடைக்க வந்த வண்டிகளின் கதவும் பானெட்டும் பம்பரும் இங்கே தனித்தனிக் குவியல்கள். தேட வேண்டியது மின்னும் பம்பரை அல்ல. முலாம் முழுக்கச் செத்து, ஆனால் எஃகு ஓட்டையில்லாமல், வளைவு கெடாமல், துளைகள் அராவப்படாமல் கிடக்கும் அசல் பம்பரை. அது எடைக்கு விலை பேசிக் கிடைக்கும். வண்டியோடு பிறந்த பம்பரின் முதுகு தின்னப்பட்டுவிட்டால், கடையில் மின்னும் நகலுக்கு முந்திப் பார்க்க வேண்டியது இந்தக் குவியலைத்தான். அசலின் தகடும் அசலின் வளைவும் இதில் இருக்கின்றன. முலாம் எப்படியும் பூசப்போவது. தில்லியின் வயது விதி எத்தனையோ அம்பாசடர்களைத் தெருவிலிருந்து அகற்றியதில் கிடைத்த ஒரே ஆதாயம் இதுதான் என்று சொல்லலாம்.

நகலை நாடுவது நியாயமாகும் இடமும் உண்டு. நாள்தோறும் தெருவில் ஓட்டுகிற, போக்குவரத்தில் இடி வாங்கப்போகிற வண்டிக்கு அசலைப் பூசி மாட்டுவது வீண். நகலை மாட்டி ஓட்டிவிட்டு, அசலுக்கு எண்ணெய் தடவிப் பரணில் வைக்கலாம். எதைச் செய்தாலும் பழையதை எடைக்குப் போடாமல் இருப்பதே புத்திசாலித்தனம். வண்டியை விற்கும்போது வாங்குகிறவர் அதைக் கேட்பார். குர்லாவில் பூட்டிய டாட்ஜ் போன்றவற்றுக்குத் தில்லியில் நகலே கிடைக்காது. அங்கே எவ்வளவு தின்னப்பட்டிருந்தாலும் வெல்டிங் வைத்து அசலை மீட்பதோ, அமெரிக்காவிலிருந்து வரவழைப்பதோ தவிர வழியில்லை. அங்கிருந்து வந்தால் சரக்குக் கட்டணமும் சுங்கமும் பம்பரின் விலையைத் தாண்டிவிடுவது சகஜம்.

முன் பம்பரை மட்டும் பூசினால் பின் பம்பர் மங்கலாகத் தெரியும். இரண்டையும், கொம்புகளையும், சக்கர மூடிகளையும் ஒரே தொட்டியில் ஒரே தவணையில் பூசச் சொல்ல வேண்டும். ஆண்டு தள்ளிப் பூசினால் அதே பட்டறையிலும் சாயல் மாறும். பம்பரின் தலை உருண்ட போல்ட்டுகளையும் கூடவே கொடுக்க வேண்டும்; எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்க வேண்டும், தொட்டியில் விழுந்த போல்ட் திரும்பி வராது. பட்டறையிலிருந்து வாங்கும்போது வெயிலில் நிறுத்திப் பார்ப்பது நல்லது. குழல்விளக்கில் எல்லாப் பம்பரும் அழகு. மஞ்சள் படிந்த குழிவு, மேகம்போல் மங்கிய திட்டு, விளிம்பில் கருகிய சாம்பல் நிறம் ஆகியவை தெரிந்தால் அங்கேயே திருப்பிக் கொடுக்க வேண்டும்.

மாட்டுவதற்கு முன் முதுகை நன்றாகக் கழுவி உலர்த்த வேண்டும். மடிப்புகளில் தங்கிய அமிலம்தான் மூன்று மாதத்தில் பழுப்பு நீராக வழிகிறது. பிறகு முதுகில் துரு தடுக்கும் பிரைமரும் அலுமினியப் பெயின்ட்டும் அடிக்கலாம். எஃகும் பிராக்கெட்டும் தொடும் இடங்களில் ரப்பர் வாஷர் வைக்க வேண்டும். போல்ட்டுகளைக் கையால் பாதி முடுக்கி, பம்பரை இரு பக்கமும் தரையிலிருந்து அளந்து சமன் பார்த்த பிறகே முழுக்க இறுக்குவது. பம்பரின் முகத்துக்கு மெழுகு போதும்; வெள்ளிச் சாமான் துலக்கும் பொடியும் புளியும் வேண்டாம். மழையில் நனைந்து வந்த வண்டியின் பம்பரை, முதுகு உட்பட, அன்றிரவே துடைத்துவிட வேண்டும்.